மரத்தடிக்கே போய்ப் பழம் வாங்குவோம்!
ஆப்பிள் விளையாத குமரி மாவட்டத்தில் எத்தனை எத்தனை கனிகள்!

வெளிநாடுகளில் ஒரு வழக்கம் உண்டு.

விடுமுறை நாள் வந்துவிட்டால் அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் ஆப்பிள் தோட்டத்துக்குப் புறப்படுவார்கள். தோட்டக்காரர் ஆளுக்கு ஒரு கூடை கொடுப்பார். வேண்டிய மரத்தில், வேண்டிய பழத்தை, தாங்களே பறித்துக் கொள்ளலாம். வாசலில் எடை போட்டுப் பணம் கொடுத்தால் போதும்.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இது பெரிய பொழுதுபோக்கு. ஜப்பானில் இன்னொரு விதம். நுழைவுக் கட்டணம் கட்டிவிட்டால், குறிப்பிட்ட நேரத்துக்குள் வயிறு கொண்ட மட்டும் பறித்துத் தின்னலாம்!

தோட்டக்காரருக்குப் பறிக்கும் கூலி மிச்சம். வந்தவர்களுக்குப் புதுப் பழம். பிள்ளைகளுக்கோ, பழம் கடையில் காய்ப்பதில்லை, மரத்தில் காய்க்கிறது என்ற பாடம்.

நம் ஊரில் இப்படிப் போக முடியுமா?

முடியும். ஆப்பிளுக்கு அல்ல. அதைவிட ருசியான பழங்களுக்கு!

ஆப்பிள் ஏன் இல்லை?

ஆப்பிள் குளிரை விரும்பும் மரம். குளிர் காலத்தில் அது இலைகளை எல்லாம் உதிர்த்துவிட்டு உறங்கும். நல்ல குளிரில் பல நூறு மணி நேரம் உறங்கினால்தான், பிறகு ஒழுங்காகப் பூக்கும், காய்க்கும்.

இமயமலைச் சாரலில் அந்தக் குளிர் இருக்கிறது. இமாசலப் பிரதேசத்தில் கோட்கட் என்ற ஊரில், சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் 1916-ம் ஆண்டில் தம் நாட்டிலிருந்து நல்ல ஆப்பிள் கன்றுகளைத் தருவித்து நட்டார். அவர் பின்னர் இந்தியராகவே வாழ்ந்து, சத்யானந்த ஸ்டோக்ஸ் என்று பெயர் மாற்றிக் கொண்டவர். அவர் நட்ட கன்றுகள் அந்த மலை மக்களின் வாழ்க்கையையே மாற்றின.

நாகர்கோவில் வடசேரி சந்தையில் நாம் வாங்கும் ஆப்பிள், அந்த இமாசலத்திலிருந்தோ காஷ்மீரிலிருந்தோ வருகிறது. இந்தியாவின் தலையில் பறித்த பழத்தை, காலடியில் இருந்து கொண்டு தின்கிறோம். மரத்தை விட்டு அது பிரிந்து எத்தனை நாள் ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது!

குமரி மாவட்டத்தில் அந்தக் குளிர் இல்லை. ஆனால் இமாசலத்தில் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது.

இரண்டு மழை

அது என்ன?

ஆண்டுக்கு இரண்டு மழை!

தென்மேற்குப் பருவ மழையும் இங்கே பெய்யும். வடகிழக்குப் பருவ மழையும் பெய்யும். தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களுக்கு இந்தப் பாக்கியம் கிடையாது.

குமரி மாவட்டம் 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி தமிழ்நாட்டுடன் இணைந்தது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்று அப்போது 4 தாலுகாக்கள்.

இதில் தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம்தான் பழைய நாஞ்சில் நாடு. 'நாஞ்சில்' என்றால் கலப்பை. நெல் விளையும் பூமி. பேச்சிப்பாறை அணையின் தண்ணீர் இந்த வயல்களுக்கும் பாய்கிறது. திருவிதாங்கூர் மன்னர் ஆட்சியில் வேலை நடந்து, 1906-ல் முடிந்த அணை அது.

மேற்கே போகப் போக நிலம் மேடு பள்ளமாகிறது. வயல் குறைந்து தோப்பு பெருகுகிறது. குலசேகரம், திருவட்டாறு, பேச்சிப்பாறை பக்கம் போனால், வெப்பமும் ஈரமும் சேர்ந்த காற்று. மலேயா நாட்டில் இருப்பது போன்ற சீதோஷ்ணம்.

அதனால் என்ன நடந்தது? மலேயா நாட்டுப் பழங்களே இங்கே வந்து குடியேறிவிட்டன!

முடி முளைத்த பழம்

அவற்றில் முதலாவது ரம்புட்டான்.

சிவப்பு நிறம். சிறு கோழிமுட்டை அளவு. உடம்பெல்லாம் மெத்தென்ற முடி. மலாய் மொழியில் 'ரம்புட்' என்றால் முடி. அதிலிருந்து வந்த பெயர்தான் ரம்புட்டான். மஞ்சள் நிறத்திலும் ஒரு வகை உண்டு.

தோலை நகத்தால் கீறிப் பிதுக்கினால், உள்ளே நுங்கு போன்ற வெள்ளைச் சதை. இனிப்பும் இலேசான புளிப்பும் கலந்திருக்கும். நடுவில் ஒரே ஒரு கொட்டை. குற்றால சீசனில் கடை கடையாகத் தொங்குமே, அதே பழம்தான்.

இந்தப் பழத்தை ஏன் மரத்தடிக்கே போய் வாங்க வேண்டும்?

காரணம் இருக்கிறது. மாங்காயைப் பறித்து வைக்கோலில் வைத்தால் பழுக்கும். வாழைக்காயும் அப்படியே. ரம்புட்டான் அப்படி அல்ல. மரத்தில் பழுத்தால்தான் பழம். காயாகப் பறித்துவிட்டால், எத்தனை நாள் வைத்தாலும் அது பழுக்காது!

பறித்த சில நாட்களில் அதன் முடி கறுத்து வாடிவிடும். முடி நிமிர்ந்து நின்றால் புதுப் பழம். கறுத்துச் சுருங்கிவிட்டால் பழைய பழம். கடையில் வாங்கும்போதும் இதைப் பார்த்து வாங்குங்கள்.

ஒவ்வொரு பழமாகப் பிடுங்கக் கூடாது. தோல் கிழிந்துவிடும். கொத்தாகக் கத்தரிக்க வேண்டும். உயரத்தில் இருந்தால் தொரட்டி போட்டுப் பறிப்பார்கள்.

ஒரு விஷயம். ரம்புட்டானில் ஆண் மரம் உண்டு. அது பூக்கும், காய்க்காது. தின்ற கொட்டையை முளைக்கப் போட்டு, ஆண்டுக் கணக்காகத் தண்ணீர் ஊற்றி, கடைசியில் அது ஆண் மரம் என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? ஆகவே வளர்க்க விரும்புகிறவர்கள் ஒட்டுக் கன்றுதான் வாங்க வேண்டும்.

உள்ளே எத்தனை சுளை?

அடுத்தது மங்குஸ்தான்.

பார்வைக்குக் கருநீலப் பந்து. தோல் தடிமன். பிளந்தால் பஞ்சு போல வெள்ளை வெளேரென்று சுளைகள்.

பிள்ளைகளுக்கு ஒரு வேடிக்கை காட்டலாம். பழத்தைத் திருப்பி அதன் அடிப்பாகத்தைப் பாருங்கள். சிறு பூப் போல ஓர் அடையாளம் இருக்கும். அந்தப் பூவில் எத்தனை இதழ்கள் என்று எண்ணச் சொல்லுங்கள். ஆறு இதழ் இருந்தால் உள்ளே ஆறு சுளை. ஏழு இருந்தால் ஏழு!

பிளந்து பார்க்கும்போது கணக்குச் சரியாக இருக்கும். பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

தோலின் சாறு துணியில் பட்டால் கறை எளிதில் போகாது. வெள்ளைச் சட்டையுடன் போகாதீர்கள்.

மங்குஸ்தான் மரம் மெதுவாக வளரும். கன்று நட்டுப் பழம் காண ஏழெட்டு ஆண்டுகளும் ஆகும். அதற்கு மேலும் ஆகும். நீலகிரி மலையடியில் கல்லாறு, பர்லியாறு ஆகிய இடங்களில் அரசுப் பழப்பண்ணைகள் இருக்கின்றன. பர்லியாறு பண்ணை 1871-லும், கல்லாறு பண்ணை 1900-லும் ஏற்பட்டவை. அங்கே மங்குஸ்தான் மரங்கள் இன்றும் நின்று காய்க்கின்றன.

இப்படிப்பட்ட மரத்தை வெட்டுவதற்கு அரை மணி நேரம் போதும். மீண்டும் பழம் காண ஒரு பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடம் போகும் காலம் வேண்டும்!

நம் ஊர் 'ஆப்பிள்'!

ஆப்பிள் என்ற பெயரோடுதான் பழம் வேண்டும் என்கிறீர்களா? அதுவும் இங்கே இருக்கிறது!

கொல்லாம்பழம் தெரியுமா? முந்திரிக் கொட்டையைத் தன் அடியில் தொங்க விட்டுக் கொண்டிருக்கும் பழம். உலகம் இதை 'முந்திரி ஆப்பிள்' என்று அழைக்கிறது.

பிரேசில் நாட்டிலிருந்து போர்த்துகீசியர் கொண்டு வந்த மரம் இது. இன்று குமரி மாவட்டத்தில் முந்திரி ஆலைகள் பல இருக்கின்றன. கொட்டை உடைத்துப் பருப்பு எடுக்கும் வேலையில் ஆயிரக்கணக்கான பெண்கள் பிழைக்கிறார்கள்.

கொட்டைக்கு இவ்வளவு மதிப்பு. பழத்துக்கு?

பெரும்பாலும் மரத்தடியிலேயே அழுகிப் போகிறது. காரணம், பறித்த மறுநாளே அது கன்றிவிடும். கூடையில் அடுக்கிச் சந்தைக்குக் கொண்டு போக முடியாது. சென்னைப் பட்டணத்துப் பணக்காரர் எத்தனை பணம் கொடுத்தாலும் இந்தப் பழம் அவருக்குக் கிடைக்காது. மரத்தடிக்கு வருகிற ஏழைப் பிள்ளைக்குக் கிடைக்கும்!

நறுக்கி உப்புத் தூவித் தின்றால் தொண்டைக் கரகரப்புக் குறையும். ஆரஞ்சுப் பழத்தைவிடப் பல மடங்கு 'சி' வைட்டமின் இதில் இருக்கிறது.

ஆனால் பச்சைக் கொட்டையைப் பிள்ளைகள் கடிக்கக் கூடாது. அதன் தோட்டில் உள்ள எண்ணெய் வாயையும் கையையும் புண்ணாக்கிவிடும்.

இன்னொன்று சாம்பக்கா. மணி போன்ற வடிவம். இளஞ்சிவப்பு நிறம். கடித்தால் நீர் சுரக்கும். இதையும் 'தண்ணீர் ஆப்பிள்' என்று சொல்கிறார்கள். வீட்டு முற்றத்து மரத்தில் குலுங்கும். கேட்டால் கைநிறையக் கொடுப்பார்கள்.

குழந்தைக்கு முதல் பழம்

குமரி மாவட்டத்தின் பெருமை என்றால் மட்டிப் பழம்தான்.

விரல் நீளம்தான் இருக்கும். வாசனை வீடு முழுவதும் பரவும். பால் குடிக்கும் குழந்தைக்கு முதன் முதலில் கொடுக்கும் பழம் இது. தேன் மட்டி, நெய் மட்டி, கல் மட்டி, செம்மட்டி என்று அதில் பல வகை.

2023-ம் ஆண்டில் கன்னியாகுமரி மட்டிப் பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது, இந்த மண்ணுக்கே உரிய பொருள் என்று அரசு பதிவு செய்துவிட்டது. வேறு ஊர்ப் பழத்தைக் 'கன்னியாகுமரி மட்டி' என்று சொல்லி விற்க முடியாது. கன்னியாகுமரிக் கிராம்புக்கு 2021-லேயே இந்தச் சிறப்பு வந்துவிட்டது.

பதிவுச் சீட்டு வந்துவிட்டது. பழம் பெருகிவிட்டதா?

அதுதான் கவலை!

மட்டி வாழைக்குக் காற்று பகை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றுக்குப் பெயர் பெற்ற மாவட்டம் இது. முப்பந்தலில் காற்றாலைகள் சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். 2017-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி ஒக்கி புயல் அடித்தபோது, வாழைத் தோட்டங்கள் பாயாகப் படுத்துவிட்டன. ரப்பர் மரங்கள் முறிந்து விழுந்தன. கடலுக்குப் போன மீனவர் பலர் திரும்பவில்லை. அந்தத் துயரத்தை மாவட்டம் இன்னும் மறக்கவில்லை.

நேந்திரன் வாழைக்கு வெளியூரில் கிராக்கி உண்டு. ஓணம் வந்தால் விலை ஏறும். சிப்ஸ் போடவும் அதுவே வேண்டும். மட்டியோ, பழுத்த சில நாளில் காம்பு விட்டு உதிர்ந்துவிடும். தூர ஊருக்கு அனுப்ப முடியாது. ஆகவே விவசாயி யோசிக்கிறான். மட்டி நடுவதா? நேந்திரன் நடுவதா? அல்லது எல்லாவற்றையும் விட்டு ரப்பர் நடுவதா?

அவன் முடிவு யார் கையில் இருக்கிறது? வாங்குகிறவர் கையில்!

சக்கை இரண்டு விதம்

பலாப்பழத்துக்கு இந்த ஊரில் சக்கை என்று பெயர்.

அதில் இரண்டு இனம். சுளை கெட்டியாக, கடித்தால் சத்தம் வருவது வருக்கை. கையில் எடுத்தால் வழுக்கி ஓடுவது கூழன். வருக்கையைத் தின்னலாம். கூழனைக் கையால் பிசைந்து சாறு எடுக்கலாம்.

பேச்சிப்பாறையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. முளகுமூடு ஊரில் நின்ற ஒரு நாட்டுப் பலாவிலிருந்து அங்கே ஒரு நல்ல வகையைத் தேர்ந்தெடுத்தார்கள். அது ஆண்டுக்கு இரண்டு போகம் காய்க்கும். 'பேச்சிப்பாறை-1' என்று அதற்குப் பெயர். ஊர்க்காரர் வீட்டு மரம், நாட்டுக்கே விதை கொடுத்துவிட்டது!

சக்கைக்குத் தம்பி ஆயினிச்சக்கை. கைப்பிடி அளவுதான். ஆனால் மரம் வானத்தைத் தொடும். ஏறிப் பறிக்கத் தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள். அதன் கொட்டையை வறுத்துத் தின்ற ருசியைப் பாட்டிமாரிடம் கேளுங்கள். பேரன்களுக்கு அது தெரியாது.

யார் வீட்டு மரம்?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

வெளிநாட்டில் உள்ளது போல, கூடையும் சீட்டும் வைத்துக் கொண்டு காத்திருக்கும் தோட்டங்கள் இங்கே அதிகம் இல்லை. இங்கே பழமரம் வீட்டோடு சேர்ந்தே நிற்கிறது. வீட்டுக்காரரிடம் கேட்பதுதான் நுழைவுச் சீட்டு!

"அண்ணாச்சி, பழம் இருக்கா? பிள்ளைகளுக்கு மரத்தைக் காட்டலாமா?" என்று மரியாதையாகக் கேளுங்கள்.

சில இடங்களில் "மரத்தைப் பாட்டத்துக்கு விட்டாச்சு" என்று பதில் வரலாம். அப்படியானால், பூவும் பிஞ்சுமாக இருக்கும்போதே வியாபாரி ஒரு தொகை கொடுத்து மரத்தைப் பேசி எடுத்துவிட்டார் என்று அர்த்தம். அந்தப் பழம் இனி வீட்டுக்காரருடையது அல்ல. வியாபாரியிடம்தான் வாங்க வேண்டும்.

இதில் வியாபாரியை மட்டும் குறை சொல்ல முடியாது. வௌவாலும் அணிலும் தின்னாமல் வலை கட்டுவது அவர் செலவு. மழை அடித்துப் பழம் வெடித்தால் நட்டம் அவருக்கு. அந்தப் பயத்தை எல்லாம் கணக்குப் பார்த்துத்தான் குறைந்த விலை பேசுகிறார்.

வீட்டுக்காரருக்கோ வேறு வழி இல்லை. பறிக்க ஆள் இல்லை. சந்தைக்குக் கொண்டு போக வண்டி இல்லை. கிடைத்தது போதும் என்று கொடுத்துவிடுகிறார்.

பத்துக் குடும்பங்கள் மரத்தடிக்கே வந்து, சந்தை விலையையே அவர் கையில் கொடுத்தால்? வியாபாரி கொடுப்பதைவிட அவருக்கு அதிகம். உங்களுக்குக் கடைப் பழத்தைவிடப் புதுசு. இரண்டு பேருக்கும் லாபம்!

மரம் காசு கொடுத்தால் மரம் நிற்கும். கொடுக்காவிட்டால் வெட்டுவார்கள். அந்த இடத்தில் ரப்பர் வரும். அல்லது வீட்டு மனை வரும். அதிலே பழம் பறிக்க முடியாது.

போகும் முன் கவனியுங்கள்

பழம் பறிக்கப் போகிறவர்கள் சில விஷயங்களை மறக்கக் கூடாது.

கேளாமல் ஒரு பழத்தையும் தொடக் கூடாது. கீழே கிடந்தாலும் சரி.

வௌவாலோ அணிலோ கடித்த பழத்தைத் தின்னவே கூடாது. "அணில் கடித்த பழம் இனிக்கும்" என்று சொல்லும் காலம் போய்விட்டது. 2021-ம் ஆண்டு செப்டம்பரில் கோழிக்கோடு மாவட்டத்தில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் நிபா நோயால் இறந்தான். அப்போது ரம்புட்டான் பழங்களையும் சோதனைக்கு எடுத்துப் போனார்கள். பழத்தால்தான் நோய் வந்தது என்று முடிவாகவில்லை. ஆனால் பழந்தின்னி வௌவால் நிபா கிருமியைச் சுமக்கும் என்பது உறுதி. பல்பட்ட பழத்தை எறியுங்கள். நல்ல பழத்தையும் கழுவித் தின்னுங்கள். கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ரம்புட்டான் கொட்டை வழுக்கும். சிறு குழந்தையின் தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. கொட்டையை நீக்கி, சதையை நறுக்கித்தான் கொடுக்க வேண்டும்.

சக்கை அறுக்கும்போது கத்தியிலும் கையிலும் தேங்காய் எண்ணெய் தடவிக் கொள்ளுங்கள். பால் ஒட்டாது.

மழைக் காலத்தில் தோப்புகளில் அட்டை இருக்கும். செருப்பில்லாமல் போகாதீர்கள். மரத்தில் ஏறும் வேலையைப் பழகியவருக்கு விட்டுவிடுங்கள்.

தின்ன முடிந்ததைப் பறியுங்கள். கடித்து எறிவதற்காக அந்த மரம் ஓராண்டு உழைக்கவில்லை!

எந்த மாதம் என்ன பழம்?

மார்ச் முதல் மே வரை கொல்லாம்பழம்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை சக்கையும் மாம்பழமும். செங்கவருக்கை மாம்பழம் கிடைத்தால் விடாதீர்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை ரம்புட்டானும் மங்குஸ்தானும். மழையைப் பொறுத்து முன்னே பின்னே ஆகும்.

வாழைப்பழத்துக்கு மாதக் கணக்கு இல்லை. மட்டி, பேயன், ரசகதலி, செந்துளுவன், நேந்திரன் என்று ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு குலை தொங்கும். வாழை ஒரே ஒரு முறைதான் குலை தள்ளும். ஆகவே பழம் பழமாகப் பறிக்க விடமாட்டார்கள். குலையை வெட்டிய பிறகு சீப்பு வாங்கிக் கொள்ளலாம்.

நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் குலசேகரத்துக்குப் பஸ் உண்டு. அங்கிருந்து பேச்சிப்பாறை போகலாம். பக்கத்தில் திற்பரப்பு அருவி இருக்கிறது. 1966-ல் கட்டி முடித்த மாத்தூர் தொட்டிப் பாலமும் இருக்கிறது. 115 அடி உயரத்தில் தண்ணீர் பாலத்தின் மேல் நடந்து போவதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

கன்னியாகுமரிக்குக் கடல் பார்க்க வருகிறவர்கள், நாகர்கோவில் சாலையில் உள்ள அரசுத் தோட்டக்கலைப் பண்ணையையும் பார்க்கலாம். அங்கும், பேச்சிப்பாறை ஆராய்ச்சி நிலையத்திலும் பழக்கன்றுகள் விற்பனைக்குக் கிடைக்கும். ஆராய்ச்சி நிலையத்தைச் சுற்றிப் பார்க்க, முதலில் அலுவலகத்தில் அனுமதி கேட்க வேண்டும்.

பழம் வாங்கி வரும்போது ஒரு கன்றும் வாங்கி வாருங்கள். கொல்லையில் இடம் இருந்தால் உங்கள் பிள்ளையின் கையாலேயே நடச் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றுவதும் அவன் பொறுப்பு.

நாலைந்து ஆண்டில் ஒட்டு ரம்புட்டான் காய்த்துவிடும். அப்போது பழம் பறிக்க உங்கள் வீட்டுக்கு நாலு பேர் வருவார்கள்!